ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் இறங்குகிறேன்

ஸ்ரீராம்புரம்,
பெங்களூர் - 21.
11-2-2003, செவ்வாய்க்கிழமை.

என் அன்பு மகள் விஜிக்கு,

அப்பா எழுதுகிறேன். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் நல்ல உடம்போடும் நல்ல மனசோடும் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன், யாரிடம் கேட்டுக்கொள்கிறேன் என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. இங்கே அம்மா சுகம், அவள் வாய் அதைவிடச் சுகம். உன் தம்பி சுனிலுக்கு பொம்மசந்திரா கம்பெனியில் இந்த வாரம் காலை ஷிப்ட், விடியுமுன் பஸ்ஸைப் பிடித்து ஓடுகிறான், மதியம் வந்து மாடு மாதிரி தூங்குகிறான். நானும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் நீ நர்ஸ், உன்னிடம் பொய் எழுதி என்ன பிரயோஜனம். நம் வீட்டு மாடிப்படி பதினாலில் ஏழாவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மீதி ஏழு படியையும் ஏறுகிறேன். நீ அனுப்பிய இன்ஹேலர் வந்து சேர்ந்தது, காலை மாலை இழுக்கிறேன், மறக்கவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிறு, பதினாறாம் தேதி, காலை ஒன்பது மணிக்கு நம் தெருமுனைச் சபையில் நான் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கிறேன். இரண்டு வாரம் முன்பு போனில் இதைச் சொன்னபோது நீ என்ன சொன்னாய், “ஏப்ரல்ல லீவுல வர்றேம்பா, அதுவரைக்கும் பொறுங்க, நான் பக்கத்துல நிக்கறப்போ எடுத்துக்கோங்க” என்றாய். நானும் சரிம்மா என்று போனை வைத்துவிட்டேன். அந்தச் சரியை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் மறுபடியும் சரி என்பேன், அதனால்தான் கடிதம். இது உன் கைக்கு வந்து சேரப் பத்து நாள் ஆகும், அதற்குள் ஞாயிறு போயிருக்கும். திட்டம் போட்டு ஏமாற்றிவிட்டார் என்று நினைப்பாய், ஆமாம், திட்டம் போட்டுத்தான் செய்கிறேன். வெள்ளிக்கிழமை நீ வழக்கம்போல் கீழ்வீட்டு டோரதி வீட்டுக்குப் போன் செய்தால் அப்பா கல்லுக்கடைக்குப் போயிருக்கிறார் என்று அம்மா சொல்வாள், அது பொய் இல்லை, பொய் ஆகக்கூடாது என்பதற்காகவே அந்த நேரத்துக்கு நான் கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன்.

உன் பயம் எனக்குத் தெரியும். இந்த நுரையீரலை வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் முழுகுவதா என்பதுதான் உன் பயம். டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குக்கு எதிரே பிடித்து, “யோச்னே மாட்பேடி” என்று கன்னடத்தில் ஆரம்பித்தார், கவலைப்படாதீங்க என்று ஒரு டாக்டர் முதலில் சொன்னாலே கவலைப்பட ஆரம்பித்துவிட வேண்டும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். முப்பத்துநாலு வருஷம் கிரானைட் கல் வெட்டிய தூசி உள்ளே போய் சிமெண்டு பூசியது போல் பிடித்துவிட்டதாம், மாத்திரை இருமலுக்குத்தான், தூசிக்கு இல்லையாம். எவ்வளவு நாள் சார் என்று கேட்டேன். ஆறு மாசமும் இருக்கலாம், ஆறு வருஷமும் இருக்கலாம் என்றார். அம்மா பிடித்தது ஆறு வருஷம். எனக்குக் காதில் விழுந்தது ஆறு மாசம். ஏப்ரல் அதற்குள்தானே வருகிறது என்று நீ கணக்குப் போடுவாய். அந்தக் கணக்கில்தான் எனக்கு நம்பிக்கை போய்விட்டது, ஏன் என்று சொல்கிறேன் கேள்.

உனக்கு பியாட்ரிஸ் டீச்சரை ஞாபகம் இருக்கும், பிரேசர் டவுனிலிருந்து ஆட்டோவில் வருவார், ஒருமுறை நீ கடைக்குச் சாப்பாடு கொண்டு வந்தபோது உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டுக் கோணல் என்று திட்டினாரே, அவர்தான். அவர் வீட்டுக்காரர் எண்பத்தாறில் இறந்தபோது ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அவருக்குக் கல் வைத்தது நான். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே கல்லாகச் செய்வது நம் தொழிலில் வழக்கம், போனவர் பேரும் தேதியும் ஒரு பக்கம், இருப்பவர் பேரும் பிறந்த தேதியும் இன்னொரு பக்கம், இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டு வைப்போம். நான் கெட்டிக்காரன் இல்லையா, அந்த இடத்தில் 19 என்று முதல் இரண்டு எண்ணையும் முன்கூட்டியே வெட்டிவிடுவேன். நட்ட கல்லில் குனிந்து வெட்டுவது கஷ்டம், கடையிலேயே வெட்டினால் அளவு சரியாக வரும், பிறகு இரண்டு எண் போட்டால் முடிந்தது வேலை. அப்படியே எல்லாருக்கும் வெட்டினேன். யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இரண்டாயிரம் ஜனவரி மாசம் டீச்சர் கடை வாசலில் ஆட்டோவை நிறுத்திக் கைத்தடியோடு இறங்கினார். வயது எண்பத்தைந்து. “ஏம்பா ஜெயராமா, உன் கல்லுப்படி நான் போன மாசமே போயிருக்கணுமே, இன்னும் காபி குடிச்சிட்டிருக்கேன், என்ன பண்ணப் போறே?” என்றார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை விஜி. கடையில் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த சின்னப்பா விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் நோட்டை எடுத்துப் பார்த்தால் அந்த மாதிரி இருபத்தாறு கல், அதில் ஒன்பது பேர் உயிரோடு இருக்கிறார்கள். ஒன்பது உயிருள்ள மனுஷர்களுக்கு நான் நாள் குறித்து வைத்திருக்கிறேன், அதுவும் தப்பாக.

கிரானைட்டில் வெட்டியதை அழிக்க முடியாது, அந்த வரி முழுவதையும் தேய்த்து இறக்கி மறுபடி வெட்ட வேண்டும். முதலில் டீச்சர் கல்லைத்தான் எடுத்தேன், நான்கு நாள் வேலை. நான்கு நாளும் அவர் ஒரு மடக்கு நாற்காலி போட்டுக் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், தன் கல்லைத் தானே மேற்பார்வை பார்த்த ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை. இரண்டாம் நாள் கேட்டார், கீழே ஒரு வசனம் வெட்டியிருக்கிறாயே, அது என்ன என்று. மூன்று வரி, நாற்பத்தொரு எழுத்து, நடு வரி கொஞ்சம் நெருக்கம் என்று சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். ஆண்டவர் கிடைக்கிற வேளையிலேயே அவரைத் தேடச் சொல்லும் வசனம் அது, எத்தனையோ கல்லில் வெட்டியிருக்கிறேன், எழுத்தைத்தான் எண்ணியிருக்கிறேன், ஒருநாளும் படித்ததில்லை. “என் வீட்டுக்காரருக்காக இதைப் போடச் சொல்லலப்பா, படுத்திருக்கிறவர் இனிமே என்னத்தைத் தேடப் போறார், நின்னு பாக்கிறவனுக்காகப் போட்டது. முதல்ல நின்னு பாத்தவன் நீதான், பதினாலு வருஷமாச்சு” என்றார்.

அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது, இந்த அம்மாவுக்கு என்ன என் மேல் அதிகாரம் என்று. உனக்குத் தெரியும், நம் வீட்டுச் சுவரில் புத்தர் படம் என் அப்பா மாட்டியது, அதற்குப் பக்கத்தில் அம்மாவின் அம்மன் படம், நான் இரண்டையும் கும்பிட்டவன் இல்லை, வேலை உண்டு நான் உண்டு என்று இருந்தவன். ஆனால் அந்த வசனம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது வாயைத் திறக்காமல் பேச ஆரம்பித்தேன், நீர் இருக்கிறீரென்றால் எனக்குத் தெரியப்படுத்தும் என்று. டீச்சர் தம் பழைய வேதாகமம் ஒன்றைக் கொடுத்தார், மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு படித்தேன். பாவி என்று யாரையும் துரத்தாத ஒருவரைப் பற்றிப் படிக்கப் படிக்க, என் குடிநாட்களும் உன் அம்மாவை நான் கை நீட்டி அடித்த அந்த இரண்டு தடவையும் கண் முன்னே வந்து நின்றன. அதற்கு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன், இது உனக்குத் தெரியாது. “இன்னாய்யா, ஒடம்புக்கு எதாச்சும் பண்ணுதா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இவ்வளவு தூரம் வந்தவன் அப்போதே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. நவம்பர் கல்லறைத் திருநாள் வேலை முடியட்டும் என்றேன், உன் கல்யாணம் முடியட்டும் என்றேன், சுனிலுக்கு வேலை பெர்மனெண்ட் ஆகட்டும் என்றேன். டீச்சர் 2001 ஜூலையில் இறந்தார், தேதியை நான்தான் வெட்டினேன், அன்றைக்கும் அடுத்த வாரம் என்றுதான் சொல்லிக்கொண்டேன். மூன்று வருஷம் ஓடிவிட்டது விஜி. உள்ளே விசுவாசம், வெளியே சாக்கு.

அப்புறம் சின்னப்பா விஷயம். உன் கல்யாணத்தில் பந்தி பரிமாறினானே, முப்பது வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து கல்லுக்குப் பாலிஷ் போட்டவன். அவன் பிறந்ததே சபைக் குடும்பத்தில், ஆனால் சபைப் பக்கம் போக மாட்டான், அவன் பெண்டாட்டி ரத்தினம்மாள் மட்டும் போவாள். கேட்டால் சிரிப்பான், “எனக்கு வழி தெரியும்யா ஜெயராமா, கடைசில ஆண்டவரேன்னு ஒரு வார்த்த சொன்னா போதும், அதுக்கு இன்னா அவசரம்” என்பான். போன நவம்பரில் ஒருநாள் காலையில் கடையில் டீ கிளாஸைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். வாதம். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துதான் போய்ச் சேர்ந்தான். தினமும் பார்க்கிற நேரத்துக்குப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குத்தான் முயற்சி செய்தானோ, தண்ணீர்தான் கேட்டானோ, எனக்குத் தெரியவில்லை, வாய் கோணிக்கொண்டு காற்றுதான் வந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. நான் அவன் காதில் ஜெபம் செய்தேன், எனக்குத் தெரிந்த அளவுக்கு. அவன் உள்ளுக்குள் கூப்பிட்டிருந்தால் ஆண்டவருக்குக் கேட்டிருக்கும், அவர் செவிடர் இல்லை, நான் சின்னப்பாவுக்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பதினொரு நாளை நான் பார்த்தேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்த வார்த்தைக்கு நாக்கு இல்லாமல் போனதைப் பார்த்தேன். அதற்குப் பிறகும் ஏப்ரல் என்று சொன்னால் என்னைப் போல் மடையன் கிடையாது.

பயத்தில் எடுத்த முடிவு என்று போனில் சொன்னாய். ஆமாம், பயம்தான், இல்லை என்று மீசையை முறுக்க எனக்கு மூச்சு இல்லை. காய்ச்சல் வந்தால் பயந்துதான் டாக்டரிடம் ஓடுகிறோம், அதற்காக டாக்டர் இல்லை என்றாகிவிடுமா. ஆனால் இப்போது பயம் மட்டும் இல்லை. பயத்தில் ஓடிப் போய்க் கதவைத் தட்டியவன் உள்ளே போய்ப் பார்த்தால் வீட்டுக்காரர் நல்லவராக இருக்கிறார், அதுதான் என் நிலைமை.

பாஸ்டர் மேல் கோபப்படாதே. அவர் என்னைக் கட்டாயப்படுத்தவே இல்லை, நான்தான் அவரைக் கட்டாயப்படுத்துகிறேன். “ஐயா, தண்ணி இல்லேன்னா ஆண்டவர் உங்களைத் தள்ளிட மாட்டார், சிலுவையில ஆண்டவர் பக்கத்துல தொங்கி, கடைசி நேரத்துல மன்னிப்பு வாங்கின திருடன் எந்தத் தண்ணியில முழுகினான்?” என்று கேட்டார். அந்தத் திருடனுக்கு இறங்கி வர நேரமில்லை ஐயா, எனக்கு இருக்கிறது, இருக்கும்போதே செய்கிறேன் என்றேன். அப்படியும் அவர் டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார். தொட்டியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போடுவார்கள், மார்பு வரைக்கும்தான் தண்ணீர், இரண்டு பேர் தோளைப் பிடித்துச் சாய்த்து இரண்டு எண்ணுவதற்குள் தூக்கிவிடுவார்கள். பிப்ரவரிக் குளிர் என்பதால் பக்கத்து வீட்டில் வெந்நீர் போட்டு டிரம்மில் கொண்டுவந்து ஊற்றுவது சுனில் பொறுப்பு. அவனுக்கு இதில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டேன், “எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, தண்ணி சூடா இருக்கும், அது என் கேரண்டி” என்றான். இன்ஹேலர் தொட்டிக் கரையிலேயே இருக்கும்.

நான் சும்மாவும் இல்லை, பயிற்சி எடுக்கிறேன். குளியலறையில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து முகத்தை முக்கி எண்ணுகிறேன். முதல் நாள் மூன்றுதான் எண்ண முடிந்தது, இருமி இருமிக் கண் பிதுங்கிவிட்டது. இப்போது ஒன்பது வரை போகிறேன். போன வாரம் அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, நான் உயிரை விடப் பார்க்கிறேன் என்று நினைத்து என் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்து, “பாவி மனுஷா, என்ன தனியா வுட்டுட்டுப் போவப் பாக்கறியா” என்று தெருவுக்கே கேட்கும்படி அலறினாள். டோரதி மாடி ஏறி ஓடி வந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் இரண்டு பேரும் உட்கார்ந்து சிரித்தார்கள், சிரித்து முடித்து அம்மா அழுதாள். இந்த வயசில் உனக்கு இது தேவையா, சொந்தக்காரன் என்ன சொல்வான், செத்தால் உன்னை எங்கே வைப்பது, நான் எங்கே போவது என்றெல்லாம் கேட்டாள். எல்லாம் நியாயமான கேள்விதான். நீ உன் அம்மனைக் கும்பிடு, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், உனக்காக ஜெபம் செய்வதை மட்டும் தடுக்காதே என்றேன். மூன்று நாள் பேசவில்லை. நேற்றுப் பார்த்தால் என் வெள்ளை வேட்டியையும் சட்டையையும் கஞ்சி போட்டுக் காய வைத்திருக்கிறாள். தண்ணீரில் நனையப்போகிற வேட்டிக்குக் கஞ்சி எதற்கடி என்று கேட்டேன், “நனையறதுக்கு முன்னாடி நாலு பேர் பாக்க மாட்டாங்களா” என்று வெட்டினாள்.

இனி உன்னைப் பற்றி. உனக்கு இதிலெல்லாம் நாட்டமில்லை, எனக்குத் தெரியும், “சாமியெல்லாம் அப்புறம்பா, ட்யூட்டி முடிஞ்சா படுக்கத்தான் தோணுது” என்பாய். உன் ஐ.சி.யூ.வில் வாரத்துக்கு இரண்டு பேராவது உன் கையிலேயே போகிறார்கள் என்று சொன்னாய், முதல் மாசம் அழுதேன், இப்போது பழகிவிட்டது, சார்ட்டில் நேரத்தை எழுதிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போகிறேன் என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை விஜி. நீ என் மகள்தான், சந்தேகமே இல்லை. நானும் அப்படித்தான் முப்பத்துநாலு வருஷம் அடுத்தவர் சாவில் எழுத்தை எண்ணிக்கொண்டிருந்தேன், அது எனக்கும் வரும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. தொழில் நம்மைச் சாவுக்குப் பழக்கிவிடுகிறது, பழகியவனுக்குத்தான் பயமும் வராது, தேடவும் தோன்றாது. உனக்கு இருபத்தேழு வயசு, உன் மூச்சில் தூசி இல்லை, நீ நூறு வயசு இருப்பாய், இருக்க வேண்டும். ஆனாலும் எனக்காக மதம் மாறு என்று நான் கேட்கவில்லை, அப்பனுக்காக மாறினால் அது ஒன்றுக்கும் உதவாது. நீர் இருக்கிறீரா, என்னைத் தெரியுமா என்று ஒரு தடவை நேராக அவரிடமே கேள் என்கிறேன். கேட்கிற நாக்கு இருக்கும்போது கேள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், தண்ணீரிலிருந்து எழுந்த பிறகு மூச்சு வராமல் போனால், யாரையும் குற்றம் சொல்லாதே, அம்மாவைக் குத்திக் காட்டாதே, நான் பக்கத்தில் இல்லையே என்று உன்னையும் வருத்திக்கொள்ளாதே. நான் போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருப்பேன், சந்தோஷமாகப் போயிருப்பேன். ஒன்றும் ஆகாவிட்டால், ஆகாது என்றுதான் நினைக்கிறேன், ஏப்ரலில் நீ வந்து இறங்கும்போது ஏர்போர்ட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், வந்து திட்டு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டு.

இரும்புச் சத்து மாத்திரையை விடாதே. வெறும் டீயைக் குடித்துவிட்டு டியூட்டிக்கு ஓடாதே, மாப்பிள்ளையிடமும் சொல், அவர் சொன்னாலாவது கேட்பாய். என்னை முழுவதும் மன்னித்த ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் உன் கைகள் தொடுகிற நோயாளிகளையும் ஆசீர்வதிக்கட்டும். ஒன்றே ஒன்று, இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, தூங்கி எழுந்து யோசிக்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதே. விரித்தது விரித்தபடி இருக்கட்டும், மடிப்பதற்கு முன்னால் அவரிடம் கேட்டுவிடு.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கும்
உன் அப்பா,
ஜெயராமன்.